நீல அறையின் கற்கள்

அம்மாடி,

நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளை தவறாமல் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் நீ "என் ரூம் எப்படிம்மா இருக்கு" என்று கேட்டாலே நான் தக்காளி விலை பேச ஆரம்பித்துவிடுகிறேன். இப்போது கரண்டும் போய், போனும் செத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

பக்கத்து வீட்டு டெய்லர் போன மழையில் போய்விட்டார் என்று சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. பின்னால் இருக்கும் மலைச்சரிவு இறங்கி வருகிறதென்று இரண்டு வீட்டிலும் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பெட்டி பெட்டியாகத் தடுப்புச்சுவர் எழுப்பினோம். உள்ளே கல்தான் நிரப்பணும், மண் போட்டால் தண்ணி போக வழியில்லாமல் ஊதிடும் என்று கட்டை அடுக்கிய ஆசாரி தலைபாடாய் அடித்துக்கொண்டார். டெய்லர் மண்ணைக் கொட்டி, மேலே பூச்செடியும் வைத்தார். அவ்வளவு அழகு, நான்கூட உன் அப்பாவிடம் "அவரும் ஒரு மனுஷன், நீங்களும் இருக்கீங்களே" என்றேன், இந்த வாயை எங்கே கொண்டுபோய்த் தைக்க. மழையில் அந்தச் சுவர் நிறைமாதக்காரி மாதிரி வயிறு தள்ளி, அவர் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் மேல் சாய்ந்தது. நான் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டும் அதற்குள்தான். இடுப்பு பிடிக்கிறதென்று அவரைத் திட்டியிருந்தேன், பெருத்தது நான். அவர் சம்சாரம் இப்போது நம் ஹாலில்தான் படுக்கிறாள்.

நம் சுவரில் மேல் வரிசைப் பெட்டிகள் காலியாக நின்றன. ரோடு சரிந்து கல் லாரி வரவில்லை, வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. ஆசாரி "காலிப் பெட்டி வெறும் கூடைதாங்க்கா, வயித்துல கல்லு இருந்தாத்தான் நிக்கும்" என்றார். சுற்றிலும் கல் என்று இருந்தது நீ நின்று பார்த்துக் கட்டிய அறை ஒன்றுதான். எல்லோரும் அதையே பார்த்தோம். அதை இடிக்கலாமென்று டெய்லர் சம்சாரம்தான் சொன்னாள். உன் அப்பா "எம்பொண்ணு ரூம்ல கை வெச்சா கைய ஒடைப்பேன்" என்று குதித்தார். அவள் நிதானமாக, "ரூம் எங்கன்னு அவ வந்து கேக்கட்டும்ண்ணே. அப்பா எங்கன்னு கேக்க வெச்சிராதீங்க" என்றாள். அப்புறம் அவரே போய் ஏணியை எடுத்து வந்தார். ஆசாரி கூரைத் தகட்டைக் கழற்றினார், முதல் கல்லைப் பெயர்த்தது நான். அப்பா ஒவ்வொன்றாக வாங்கி, நீ அடித்த நீல பெயிண்ட் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கினார். சுவருக்குத் தேமல் வந்தது போலிருக்கிறது, சொன்னால் முறைக்கிறார்.

நேற்றிலிருந்து மழை. கட்டை இடுக்கில் வரும் தண்ணி தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கினால் பின்னால் மண் கரைகிறதென்று அர்த்தம், ஓடிவிடுங்கள் என்று ஆசாரி சொல்லியிருந்தார். அப்பா கண்ணாடி டம்ளரில் பிடித்துவந்து, லேப்காரன் மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நேற்று முழுக்கத் தெளிவு. இன்று காலை பிடித்ததை எனக்குக் காட்டாமல் வாசலிலேயே கொட்டிவிட்டார். கேட்டால் டம்ளர் அழுக்காம். கழுவி வைத்தது நான்.

ஆசாரி வீட்டுக்குப் போகலாமென்றால், அப்பா உன் கல்லை விட்டு வரமாட்டாராம். இந்த மனுஷனை விட்டுப் போகிறேனென்று எத்தனையோ தடவை பெட்டி கட்டியிருக்கிறேன். இன்றைக்கு அவர் சட்டையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். டெய்லர் சம்சாரம் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆசாரி டவுனுக்கு நடந்தே போகிறார், இதை அவரிடம் கொடுக்கிறேன்.

நீ நூறு வயசு நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, எங்களைக் கோபித்துக்கொள்ளாதே. ஒன்று மட்டும் மறக்காதே. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் கட் பண்ணாமல் எடு. நானாக இருந்தால் முதலில் தக்காளி விலைதான் சொல்வேன்.

உன் அறையை இடித்த
அம்மா