முன் பால்கனியில் காய்கிறது, அம்மா

எதையும் கேட்டு வாங்காமலே போய்விட்ட என் அம்மாவுக்கு,

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். உனக்குச் சொல்ல இரண்டு செய்திகள் இருக்கின்றன. எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். அத்தையைப் பழிவாங்கிவிட்டேன். முதலாவதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாகிவிடுவாய், இரண்டாவதை "விடுடி, பெரியவங்க" என்று தள்ளிவிடுவாய். இந்த முறை நீ குறுக்கே பேச முடியாது. முழுவதையும் கேள்.

குழந்தை உன் நிறம். மூக்கு மட்டும் பிரகாஷுடையது, வளர வளரச் சரியாகிவிடும் என்று நம்புகிறேன். பெயர் யாழினி. உன் பெயரை வைக்கச் சொல்லி அப்பா எவ்வளவோ கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தையின் வாயில் கஸ்தூரி என்ற பெயர் விழக்கூட வேண்டாம். அவள் உன்னை என்றைக்கு அந்தப் பெயரால் கூப்பிட்டாள்? நாம் இருந்த கட்கி குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நின்ற தண்ணீர்த் தொட்டியைக் காட்டி ஒரு நாள் "டேங்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரை நீ டேங்குதான். "கூப்பிட்டீங்களா அண்ணி" என்று நீயும் போய் நிற்பாய். அப்பாவின் அக்காதான், ஆனாலும் எழுதும்போது அவளுக்கு மரியாதை கொடுக்க வரவில்லை, அதையும் பொறுத்துக்கொள்.

உன் உடம்புதான் எனக்கு வந்திருக்கிறது. உன் இரண்டு தோளிலும் கறுத்த பள்ளம் இருக்குமே, சின்ன வயதில் அதைப் பிறவி மச்சம் என்று நினைத்திருந்தேன். இழுத்துக் கட்டிய பாடியின் வார் அறுத்த தடம் என்று காலேஜ் போன பிறகு என் தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆம்பளைங்க நடமாடுற வீடு என்று அத்தை போட்ட சட்டத்தால் நீ உன் பாடிகளைக் குளியலறையில், துண்டுக்கு அடியில் காயப்போடுவாய். பாதி காய்ந்ததையே எடுத்து மாட்டுவாய். மார்புக்கு அடியில் எந்நேரமும் வேர்க்குரு, அதற்கு மேல் பவுடர். அது ஒரு வியாதி என்றுகூட உனக்குத் தோன்றவில்லை, இல்லையா?

நீ ஏன் மல்லிகைப்பூ வைப்பதில்லை என்று என் கல்யாணத்துக்குப் பூ வாங்க மண்டை மார்க்கெட்டுக்குப் போனபோதுதான் கேட்டேன். மார்க்கெட் கூட்டத்தின் நடுவில், கூடையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாய். என்னைத் தொட்டிலில் போட்ட நாள். உன் கல்யாண ரவிக்கையை அளவுக்குக் கொடுத்து அத்தை ஒரு பட்டு ரவிக்கை தைத்து வந்தாள். பால் நிறைந்து கனத்துக்கிடந்த மார்பை அதற்குள் அடைத்துக் கொக்கி போட்டாள். வலிக்கிறது என்று நீ சொன்னபோது, "ஒரு மணி நேரம்தானடி, பல்லைக் கடிச்சிக்க" என்றாள். விளக்கு வைக்கும் வரை நீ அதோடு உட்கார்ந்திருந்தாய்.

இடப்பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டது. ஜுரம், அப்புறம் சீழ், அப்புறம் டாக்டர் கத்தி வைத்தார். அதன் பிறகு மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்ததும் அத்தைதான். எனக்குப் புட்டிப்பால். வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் சொன்னாளாமே, "இவ்ளோ பெருசா இருந்தும் புள்ளைக்குப் பிரயோஜனம் இல்ல" என்று. "அந்த வாசனை வந்தா இப்பவும் இங்க கட்டிக்கிற மாதிரி இருக்கு" என்று மார்பைத் தொட்டுக் காட்டிவிட்டு, பூக்காரரிடம் விலை கேட்கத் திரும்பிவிட்டாய். அது நான் குடிக்க வேண்டிய பால், அம்மா. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

யாழினி பிறந்து பால் இறங்கியதும் எனக்கும் அதே கனம், அதே வலி. முதல் வேலையாக லக்ஷ்மி ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவன் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "இத்னா படா ஃபீடிங் மே நஹீ ஆதா, மேடம்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். இவ்வளவு பெரிய அளவு ஃபீடிங்கில் வராதாம். அத்தைக்கு இங்கேயும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குழந்தை வைத்திருந்ததால் அவன் தப்பித்தான்.

வீட்டுக்கு வந்து பிரகாஷிடம் டேப்பைக் கொடுத்தேன். மார்புக்குக் கீழே சுற்றி ஓர் அளவு, மார்பின் மேல் தளர்வாக ஓர் அளவு. அவர் பாட்டுக்கு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்நாளில் யாரும் என் உடம்பை அளந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பழைய அளவு ரவிக்கைதான் தையல்காரரிடம் போகும். வெட்கத்துக்குப் பயந்து துணியை அளக்கிறோம், உடம்பு அந்தத் துணிக்குள் போய் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். உன்னை யாராவது அளந்தார்களா, அம்மா?

அப்புறம் நாங்கள் இருக்கும் பாணேரிலேயே போட்டுப் பார்த்து வாங்கும் வசதியுள்ள ஒரு கடை கிடைத்தது. ஒவ்வொன்றையும் அத்தையை மனதில் வைத்துக்கொண்டே தேர்ந்தெடுத்தேன். நம்மைப் போன்றவர்களுக்குப் பாரத்தைத் தாங்க வேண்டியது அடிப்பட்டை, தோள் இல்லை. அதனால் அடிப்பட்டை அகலமாக, கையைத் தூக்கினாலும் மேலே ஏறாமல் இருக்க வேண்டும். வாரும் கயிறு மாதிரி அறுக்காமல் பட்டையாக இருக்க வேண்டும். கம்பி கூடவே கூடாது. பால் நிறைந்த நேரத்துக்கும் வடிந்த நேரத்துக்கும் அளவு மாறும் என்பதால் முதுகில் கொக்கி வரிசை கூடுதலாக வேண்டும். ட்ரையல் ரூமில் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் கப்பின் கிளிப்பைத் திறந்து பார்த்தேன். திறந்தால் மார்பு முழுதும் வெளியே வர வேண்டும், விளிம்பு எங்கேயும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் அந்த இடத்தில்தான் பால் கட்டும். உனக்குக் கட்டிய மாதிரி.

ஃபீடிங் குர்த்தாவிலும் ஏமாந்தேன். பக்கவாட்டில் ஜிப் வைத்திருப்பார்கள், நமக்கு அந்தத் திறப்பு எங்கேயோ விலாவில் போய் நிற்கும். கடைசியில் மேல்மடிப்பைத் தூக்கினால் போதும் என்கிற மாதிரி இரண்டு அடுக்கு வைத்த பருத்திக் குர்த்தா வாங்கினேன். தூங்கும்போது போட மெத்தென்று ஒன்று. எனக்குப் பால் கட்டவில்லை. உன் பேத்தி குடித்துவிட்டு வாயோரம் ஒழுக விட்டபடி தூங்குகிறாள். இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. இவ்வளவுதானா? இதற்கா நீ அவ்வளவு பட்டாய்?

அப்பாவுக்கும் ஒரு தண்டனை வைத்திருந்தேன். அவர் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். துணி உலர்த்துவது உங்கள் வேலை என்று சொல்லிவிட்டேன். பாடி என்ற வார்த்தையை வாயால் சொல்லத் தெரியாத மனிதர், முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை எடுத்துப் போனார். கொடியில் போட்டு மேலே ஒரு துண்டையும் போர்த்தியிருந்தார். "மேல எதுவும் போடாதீங்கப்பா, வெயில் படணும்" என்று உருவிவிட்டேன். முன் பால்கனியில் துணி போட்டால் கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று சொசைட்டி க்ரூப்பில் ஒருவர் எழுதினார். குழந்தையின் சாமான் என்று பதில் போட்டேன். பொய் இல்லையே, அவளுடைய சாப்பாட்டுத் தட்டை மூடிவைக்கும் துணிதானே அது. போகப் போக அப்பா தேறிவிட்டார். "கொக்கியை மாட்டிட்டுத் துவைக்கணும்மா, இல்லன்னா மத்தத் துணிய இழுத்துடுது" என்று எனக்கே சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்.

தொட்டில் போடுகிற நாள் வந்தது. தளேகாவிலிருந்து அத்தை, மகன் குமார், மாசமாக இருக்கும் மருமகள் சுகன்யா எல்லோரும் வருவதாகப் போன் வந்ததும், வாங்கிய அத்தனையையும் துவைத்து முன் பால்கனிக் கொடி முழுக்கப் போட்டேன். ஹாலில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது கண்ணில் படும். சோபாவைக்கூட அந்தப் பக்கம் திருப்பிவைத்தேன்.

அத்தை செருப்பைக் கழற்றும் முன்பே பார்த்துவிட்டாள். "இன்னாடி இது, நாலு பேர் வர்ற இடத்துல?"

"காயுது அத்தை."

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு பையைத் திறந்து பட்டுப்புடவையும் தைத்த ரவிக்கையும் எடுத்தாள். எனக்கே தெரியாமல் அப்பாவிடம் கேட்டு என் கல்யாண ரவிக்கையை அளவுக்கு வாங்கிப் போயிருக்கிறாள். அப்பாவும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்.

"ஒரு இஞ்சு லூஸ் விட்டுத்தான் தைக்கச் சொன்னேன். போய் மாத்திக்கினு வா. ஒரு மணி நேரம்தான்" என்றாள்.

அதே வார்த்தை, அம்மா. அறை முழுக்கப் பெண்கள். பிரகாஷின் அம்மா, அக்கா, எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பம், கட்கியில் உன்னை டேங்கு என்றதைக் கேட்டுச் சிரித்த இரண்டு பேர். நான் ரவிக்கையை வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிரித்துப் பிடித்தேன்.

"எங்கம்மாகிட்டயும் ஒரு மணி நேரம்னுதான் சொன்னீங்க. இதே மாதிரி கல்யாண ரவிக்கை அளவுலதான் தச்சீங்க. அவங்களுக்குப் பால் கட்டிச் சீழ் வச்சுது. அப்புறம் பால் இல்லாதவன்னு ஊர் முழுக்கச் சொன்னதும் நீங்கதான்."

"அவளுக்குப் பால் நின்னதுக்கு நானாடி காரணம்?"

"ஆமா" என்றேன்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள், எப்போதும் போல அவர் தனக்காகப் பேசுவார் என்று. அப்பா சமையலறை வாசலில் கையில் டம்ளரோடு நின்றிருந்தார். "அவ கழட்டிடட்டுமான்னு எங்கிட்ட வந்து கேட்டா, அக்கா. நான்தான் கூட்டம் போகட்டும்னு சொன்னேன்" என்றார். எனக்கு அது தெரியாது. நீ அதை மட்டும் அன்றைக்கு மார்க்கெட்டில் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றினாயா? அதற்காக யாழினி பால் மறக்கும் வரை துணி உலர்த்துவது அவர்தான்.

குழந்தை அழுதாள். நான் உள்ளே போகவில்லை. பருத்திக் குர்த்தாவோடு அத்தைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் கிளிப்பைத் திறந்து பால் கொடுத்தேன். யாழினி விழுங்கும் சத்தம் அறை முழுக்க நன்றாகவே கேட்டது. அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசத்தைத் தொடாமல் கிளம்பினாள். என் வயிறு நிறைந்துவிட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கிளம்பும் முன் சுகன்யா பால்கனிக்கு வந்து, கொடியில் தொங்கியதன் வாரை விரலால் தடவிப் பார்த்தாள். அவளும் நம்மைப் போலத்தான், அம்மா. தோளில் அந்தப் பள்ளம்கூட விழுந்திருந்தது. "அக்கா, இது எங்க வாங்கினீங்க? வீட்ல அத்தை எனக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க" என்றாள். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை.

அத்தை வீட்டுக்கு என் கையால் ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி இதைவிட நல்ல பழி கிடையாது என்று புரிந்துவிட்டது. அடுத்த வாரமே கடைக்கு அழைத்துப் போனேன். இப்போதைக்கு இடம் விட்டு ஒன்றிரண்டு மட்டும் வாங்கு, குழந்தை பிறந்து பால் இறங்கி நிலைத்த பிறகு திரும்ப அளந்து மீதியை வாங்கு என்றேன். அவளுக்குப் பிள்ளை பிறந்து பால் நிலைத்ததும் நானே தளேகாவ் போய், அத்தை பக்கத்து அறையில் இருக்கும்போதே, டேப்பை வைத்து அளந்தேன். எண்களைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

நேற்று சுகன்யா போன் செய்தாள். தளேகாவில் பேய்மழை, குமார் ஷிப்டுக்குப் போயிருக்கிறான், இவள் மடியில் குழந்தை பாதிப் பாலில் இருக்கிறான். கொடியில் துணி நனைகிறது. எடுக்க வேறு ஆளே இல்லை. அத்தை தானே போய், ஒவ்வொன்றாக உருவி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாளாம். ஹாலில் நாற்காலி முதுகுகளில் விரித்து மின்விசிறியைப் போட்டாளாம். சுகன்யா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"ஏண்டி, இந்தக் கொக்கிய மாட்டிட்டுக் காயப்போடணுமா, தெறந்தே போடணுமா?"

நான் போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு ரொம்ப நேரம் அழுதேன். உன்னிடம் ஒரு தடவை அவள் அப்படி ஏதாவது கேட்டிருந்தால் போதுமே என்று இருந்தது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. உனக்கு நான் கொடுக்கும் வாக்கு வேறு. இந்தக் குடும்பத்தில் இனிப் பிள்ளை பெறுகிற எவளும் அளவு ரவிக்கைக்குள் அடைபட மாட்டாள். டேப்போடு நான் போய் நிற்பேன். ஒவ்வொரு வீட்டிலும் முன் பால்கனியில் காயும். மழை வந்தால் எடுத்துவைக்க அத்தை இருக்கிறாள்.

நீ கொடுக்க முடியாமல் போன பாலுக்காக இன்னும் சண்டை போடும்,
உன் தோள்பட்டையோடு பிறந்த மகள்,
செல்வி