நாற்பது கார்களுக்கு முன்னால் உங்கள் மிதிகார்

என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் செத்தவீட்டன்று காலை, நெடுநேரம் யோசித்து, உங்கள் மிதிகாரின் மணியைக் கழற்றிவிடுவதென்று தீர்மானித்தேன். தெருக் குழியில் சில்லு விழுந்தால் அது தானாகவே கிணுங்கும். பிரேத ஊர்வலத்தில் சைக்கிள் மணி அடிப்பது முறையல்ல என்று பட்டது. குடும்பத்துக்காக நான் எடுத்த முடிவுகளில் மிகக் கவனமானது இதுதான்.

நீங்கள் போனதையே நான் இன்னும் நம்பவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில், "பற்றறியைச் சார்ஜில போட்டனியோ?" என்று கேட்டீர்கள். போட்டேன் என்று பொய் சொன்னேன். பதினொன்றரைக்கு அக்கா எடுத்து, நீங்கள் இல்லை என்றாள். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஒரு மனிதர் எப்படி இல்லாமல் போகலாம்?

இதை வாசிப்பவர்களுக்காக வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று சில்லு, ஒரு கூரை, முன்கண்ணாடி. உள்ளே இருந்து மிதித்தால் மின்மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். பார்த்தால் கார், சட்டப்படி சைக்கிள். ஆகவே கூரைக்குக் கீழேயும் ஹெல்மட் போடவேண்டும். பக்கத்து நகரமான லாவாலில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழசாக வாங்கி, மூன்று வருடம் எங்கள் மொன்ட்ரியால்-நோர் பகுதி முழுக்க ஓட்டினீர்கள். முழங்கால் மறுத்த பிறகு எனக்குத் தந்தீர்கள்.

முகம் தெரியாதவர்களின் செத்தவீட்டுக்கும் அதில்தான் போவீர்கள். ஊர்வலத்தில் எப்போதும் கடைசி ஆள். நாங்கள் சிரித்தால், "நான் போனால்தானே எனக்குச் சனம் வரும். இந்த ஊரில ஆளில்லாமல் எரிஞ்சு போறதுதான் எனக்குப் பயம்" என்பீர்கள்.

சனம் வந்தது, அத்தான். ஞாயிற்றுக்கிழமை, நாற்பது கார். மண்டபத்தில் நிற்க இடமில்லை.

நான் யாருடைய காரிலாவது ஏறத்தான் இருந்தேன். அக்கா விடவில்லை. "அவரின்ரை வண்டி அவருக்குப் பின்னாலதான் வரவேணும். இடையில வேற ஒருத்தரும் வரக்கூடாது." அழுதுகொண்டு நின்றவளிடம் அந்த வண்டி மணிக்கு முப்பத்திரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஓடாது என்பதை எப்படி விளக்குவது?

உங்களைக் கொண்டுபோன வாகனம் முதல் சந்தியில் எங்களுக்காக நின்றது. இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவதில் அதன் சாரதிக்கு நேரம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

தகனசாலைக்குப் போகும் மலை ஏற்றத்தில் பற்றறி முடிந்தது. வியாழன் சொன்ன பொய்யை நான் ஞாயிறு வரை திருத்தியிருக்கவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் ஹெல்மட்டுமாக மிதித்தேன். பின்னால் நாற்பது கார்கள், விளக்கை மினுக்கிக்கொண்டு, ஒரு ஹோர்ன் சத்தம்கூட இல்லாமல். ஓரங்கட்டி, முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினேன். நாற்பதும் எனக்குப் பின்னால் ஓரங்கட்டின. இதுதான் இடம் என்று நினைத்துச் சிலர் இறங்கிக் கோட்டைச் சரிசெய்தார்கள்.

உங்கள் மருமகன் என்னிடம் வந்தார். நடந்து வந்தார்.

"நீங்கள் முந்திப் போங்கோ, தம்பி," என்றேன்.

"பிரேதத்துக்குப் பின்னால போற வண்டியை முந்தக்கூடாதாம். மாமி சொல்லிப்போட்டா."

"எனக்கு முன்னால பிரேதம் எங்க இருக்கு?"

அவர் எட்டிப் பார்த்தார். நீண்ட, வெறுமையான தெரு. "முந்தினால் சனம் என்ன கதைக்கும், மாமா?" என்றுவிட்டுத் திரும்பிப் போனார். சாதாரண சைக்கிளில் ஒரு பெண் எங்கள் எல்லோரையும் கடந்து, "போன் குராஜ், முஸியே" என்று பிரெஞ்சில் எனக்குத் தைரியம் சொல்லி மலை ஏறினாள்.

வண்டியை அங்கேயே விட்டு ஒரு காரில் ஏறியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்றுவரை நம்பமுடியாமல் இருப்பது அதுதான்.

மிதித்தே போய்ச் சேர்ந்தபோது தகனசாலையில் எங்கள் நேரம் முடிந்துபோயிருந்தது. உள்ளே வேறொரு குடும்பம் பிரார்த்தனையில் இருந்தது. அலுவலகப் பெண் மிகுந்த மரியாதையோடு, இனி நாளை காலை எட்டு மணிக்குத்தான் என்றாள். சாப்பாடு சொல்லி வைத்தாயிற்று. சனம் முழுவதும் போய்ச் சாப்பிட்டது. எல்லாம் குறைவில்லாமல் நடந்ததென்று பலர் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நானும் ஓம் ஓம் என்றேன்.

அக்கா என்னைக் குற்றம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறாள். அவளிடம் கேட்கமுடியாததை உங்களிடம் கேட்கிறேன்: அன்று பற்றறியைப் போட்டிருந்தால் நேரத்துக்கு வந்திருப்போமா?

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நான் பஸ்ஸில் வருவேன். இனி இந்த நகரத்தில் தமிழர் யார் செத்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, உங்கள் இடத்தில் நான் போய் நிற்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

ஊர்வலத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, வேலைநாள். காலை எட்டு மணிக்குத் தகனசாலைக்கு அக்காவும் உங்கள் மகளும் மருமகனும் நானும் மட்டும் வந்தோம்.

உங்கள் மனைவியின் ஒரே தம்பி,
உங்கள் மச்சான்