மண்டிக் கட்டடத்தின் முகம்

இன்று காலை மழைத் தண்ணீர் இறங்கி, நம் மண்டிக் கட்டடத்துப் பழைய சுண்ணாம்பு நனைந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சுவரைத் தட்டிப் பார்த்திருப்பாய்.

எதிலும் மூக்கை நுழைப்பவள் நீ. தொண்ணூற்றொன்றில், சுங்குவார்சத்திரம் ரோட்டோரம் இந்தக் கட்டடத்தின் ஒரு பாதியில் உன் இட்லிக் கடை, மறுபாதியில் என் தையல் கடை. ஒரு காலத்தில் அரிசி மண்டியாக இருந்ததாம். நமக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் தாத்தா வாங்கியது. கட்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்த அளந்தவர்கள், நம் வாசலைத் தாண்டி உள்ளே சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். வாசலே போன பிறகு கட்டடம் எதற்கு, மொத்தமாக இடித்து மனையாக விற்றுவிடுகிறேன் என்றார் வீட்டுக்காரர். இனிப் பிழைப்புக்கு எங்கே போவது என்று நான் அழுதேன். நீ வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாய்.

ஆயுத பூஜைக்கு அவர் வீட்டார் ரோட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் பின்பக்கம் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்த கதவின் உட்புறத்துக்குத்தான். எனக்கு அது பார்த்துப் பழகிய விஷயம். மாதா கோயிலுக்குப் போகிற உனக்குத்தான் அது ஏன் என்று கேட்கத் தோன்றியது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்று அவர் சொன்னார். நீ விடுவாயா?

மறுநாளே அரிவாளோடு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தை மூடியிருந்த வேலிக்காத்தான் முள்ளை வெட்ட ஆரம்பித்தாய். திட்டிக்கொண்டே நானும் வந்தேன். முள் என்னைத்தான் குத்தியது. முள் விலகியதும் கதவுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி தெரிந்தாள். ஒரு யானைக்குத் தும்பிக்கை இல்லை. கீழே கல் படி, எத்தனையோ கால்கள் மிதித்து நடுவில் குழிந்திருந்தது. அதற்கப்பால் ஏரிக்கரையை ஒட்டிப் பழைய வண்டிப்பாதை. ரோட்டுப் பக்கத்தில் நமக்கு இருந்தது வெறும் சிமெண்டுப் படி.

வீட்டுக்காரரைக் கையோடு அழைத்து வந்து அங்கே நிறுத்தினாய்.

"ரோட்டுக்குக் காட்டிக்கினு கீறது முதுகுங்க. மூஞ்சி இங்க கீது. முதுகுல கொஞ்சம் தோலு போனா உசுரா பூடும்?"

அவர் மேலே கஜலட்சுமியை அண்ணாந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். இடிக்கும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

ரோட்டுப் பக்கத்தை வெட்டிக்கொண்டு போனார்கள். நாம் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். ரொம்ப நாள் ஆடுகளைத் தவிர யாரும் வரவில்லை. உன் பேச்சைக் கேட்டேனே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீயோ, நல்ல வாசலை முதலில் மூடியவர் யார், மூடும்போது அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று இட்லி சாப்பிட வந்த ஒன்றிரண்டு பெரியவர்களைக் குடைந்துகொண்டிருந்தாய். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பிறகு கம்பெனிகள் வந்தன. வண்டிப்பாதை முழுக்க வாடகை அறைகள் வந்தன. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் உன் அண்டாவைக் காலி செய்தார்கள்.

போன வருஷம் நீ படுத்துக்கிடந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தபோது நான் அவரை விடவில்லை. வேறு மருந்து, வேறு ஊர், வேறு டாக்டர் என்று நச்சரித்தேன். நீதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

"வுடுடி. அவரு இன்னா பண்ணுவாரு, பாவம். நீ போயி கடைய தொற."

திறந்துகொண்டுதான் இருக்கிறேன். நீ இல்லாதது எனக்குத் தாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அளவு கொடுக்க வரும் கிழவிகளிடம் இப்போது நான் கேட்கிறேன், இந்தக் கதவை முதலில் மூடியது யாரென்று. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். என்றைக்காவது ஒருத்தி சரியான பதிலைச் சொல்லிவிட்டால், அதை யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வேன்?