தாடையில் சிக்கிய கயிறு

பிராவின்ஸ்டவுன்

அன்புள்ள அம்மா,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு கயிற்றுத் துண்டைக் கழுவினேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தம்பியும் நானும் சௌக்கியம்.

நேற்று எங்கள் ஆய்வுப் படகில் ஒரு சின்ன விஷயம். இங்கே திமிங்கிலங்கள் கடலடியில் ஒருக்களித்து, தாடையால் மணலை உரசி, புதைந்திருக்கும் மீன்களைக் கிளப்பித் தின்னும். கன்றோடு வந்த ஒரு தாயின் தாடையில் கயிறு சிக்கியிருந்தது. ஒரு துண்டைத்தான் அறுக்க முடிந்தது. மீதிக் கயிற்றோடு அவள் மறுபடி கடலடிக்கே இரைதேடிப் போனாள். கன்றும் பின்னாலேயே போனது.

கயிறு யாருடையதென்று காட்டும் நிறக்குறி அதில் இருந்தது; அது நம் தம்பி ஸெஃபரீனோவுடையது. கடலடியில் வைக்கும் சிங்கி இறால் கூண்டுகளைச் சட்டப்படி தரையில் படியும் கயிற்றால்தான் இணைக்க வேண்டும். அது பாறையில் அறுந்துபோகிறதென்று இவன் மிதக்கும் கயிற்றைப் போட்டிருக்கிறான். அது வளையம் வளையமாக எழும்பி நிற்கும்.

நேற்றிரவு அவனிடம், "உடனே மாத்துடா" என்றேன்.

"நீ எனக்கு அக்காவா, திமிங்கிலத்துக்கு அக்காவா? சீசன் முடியட்டும். கடலுக்கடியில யாரு போய்ப் பாக்கப்போறா?"

"அவளும் அவ குட்டியும்தான்டா."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தக் கன்றும் இப்போதுதான் கடல்தரையில் மேயப் பழகுகிறது, அம்மா.

உங்கள் தலைத்துணி ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை அதில் இருக்கட்டும்.

படகுக்கு நேரமாகிவிட்டது. கயிறு என் பையில் இருக்கிறது. இது யாருடையதென்று இன்று எங்கள் படகின் கேப்டனிடம் சொல்லப்போகிறேன். தம்பியின் மீன்பிடி உரிமம் போகும். அவனுடைய இந்த வீட்டில் எனக்கும் இடமிருக்காது. நான் சொல்லப்போவது அவனுக்கு இன்னும் தெரியாது.

உங்கள் மகள்,
ஒடீலியா