பெட்டரியைப் பூட்டியவன்

நேற்றுப் புத்தளத்தில் ஒரு கடை வாசலில் என் மானம் போனது. ஆள் கிட்டப் போனால் தானாகத் திறந்து தானாகச் சாத்தும் கண்ணாடிக் கதவு. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் மாப்பிள்ளை மாதிரி உள்ளே நடந்தார்கள். நான் மட்டும் கையிலிருந்த குடையைக் கதவு ஓடும் இடத்தில் குறுக்கே வைத்துவிட்டு, அதைத் தாண்டிப் போனேன். கதவு குடையில் முட்டியது, விலகியது, மறுபடி முட்டியது. காவலாளி சிங்களத்தில் என்னவோ கேட்டான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "வாப்பா, குடைய எடுங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்று என் மகள் சிபானா பல்லைக் கடித்தாள்.

அந்த முட்டிய சத்தத்தில் நீ வந்துவிட்டாய் மச்சான். நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு வருடம். இன்னும் எந்தக் கதவையும் நான் நம்புவதில்லை.

இறால் பண்ணையில் நீயும் நானும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் மோட்டர் பார்ப்பவன், நீ மடை பார்ப்பவன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நீ சீஆர் கொப்பியை விரித்து நாவல் எழுதுவாய். கடலோரக் களப்பின் மடைகள் அத்தனையையும் ஒரே கம்ப்யூட்டர் ஆளப்போகும் காலம் உன் கதை. மடையில் அகப்பட்ட மனிதனை அது மிதந்து வந்த கட்டை என்று நினைத்து இன்னும் இறுக்கும். பத்தாம் வகுப்போடு நின்ற நான்தான் உன் முதல் வாசகன், பாவம் நீ. வில்லனே இல்லையே, ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரனையாவது போடு என்று நச்சரித்தேன்.

"வில்லன் தேவல்ல மச்சான்," என்றாய். "அது அதுட வேலையச் செய்யிது. அதுதான் பயம்."

அடுத்த வருடமே முதலாளி முதலாம் குளத்துக்குத் தானாக ஓடும் மடைக்கதவு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்திப் பூட்டுவித்தார். தண்ணீரில் ஒரு மிதவை. அது மேலே வந்தால் இரும்புக் கதவு இறங்கும், கீழே போனால் ஏறும். கரண்ட் போனால் மட்டும் பாதியில் நின்றுவிடும். இரண்டு தரம் அப்படி நின்று, குளம் வற்றி, இறால் செத்தது. நான் சும்மா இருப்பேனா? யாரையும் கேட்காமல் பழைய லொறி பெட்டரி ஒன்றைக் கொண்டுவந்து, கரண்ட் போனாலும் கதவு ஓடும்படி பூட்டினேன். பெட்டரியைக் களவெடுத்துவிடுவார்கள் என்று இரும்புக் கூடு அடித்து, ஆமைப் பூட்டும் போட்டேன். அன்றைக்கு என் நடை ரொக்கெட் விட்டவன் நடை.

நீ கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய். நிப்பாட்டினாலும் நிற்காத ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாய் என்றாய். அதையும் கதையில் எழுது என்று சிரித்தேன். எழுதினாய். அந்த அத்தியாயத்தை நான் கொட்டாவி விட்டபடி புரட்டிவிட்டு, நல்லாயிருக்கு என்று திருப்பித் தந்தேன்.

சில மாதம் கழித்து, குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் வேலைக்குச் சிபானா வந்தாள். வயது பத்தொன்பது. ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். மிதவை பாசியில் சிக்கிக் கீழேயே கிடப்பதைக் கண்டு, மடைக்குள் இறங்கி, ஏறி நின்ற கதவுக்கடியில் குனிந்து பாசியை இழுத்தெறிந்தாள். மிதவை விடுபட்டு மேலே வந்தது. குளம் நிறைந்துவிட்டது என்று கதவு விளங்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அவளுடைய கால் அடிவலையில் மாட்டியிருந்தது.

வாப்பா என்று ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டாள்.

நான் மெயின் சுவிச்சுக்கு ஓடி அதை இழுத்து இறக்கினேன். மோட்டர்கள் எல்லாம் அடங்கின. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். அந்த அமைதியில் கதவின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. என் கைவேலை அப்படி.

நீ சுவிச்சுப் பக்கமே வரவில்லை. தென்னங்குத்தி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மடைக்குள் குதித்திருந்தாய். அதைக் கதவுக்கடியில் நட்டுவைத்து, சரியாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றாய். கதவு குத்தியில் முட்டி ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் பலமாக அமுக்கியது, கொப்பியில் நீ எழுதியது போலவே. குத்தி வெடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"பெட்டரியக் கழட்டு மச்சான்," என்றாய். கத்தக்கூட இல்லை.

ஆமைப் பூட்டின் திறப்பு என் சேட்டுப் பையில். சேட்டு, இறால் தீன் வைக்கும் கொட்டிலில் ஆணியில். அந்த ஓட்டத்தில் என் சாரம் அவிழ்ந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. திறப்பு மூன்று தரம் பூட்டில் ஏற மறுத்தது. நான் வயரைப் பிடுங்கியபோது, கதவுக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண். கதவுக்கும் குத்திக்கும் நடுவில் உன் வலது கையின் இரண்டு விரல்கள்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலாளி எல்லாரையும் நிறுத்தி, பெட்டரி பூட்டியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். நான்தான் என்றாய். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். வெளியே வந்து ஏனடா என்று கேட்டதற்கு, "உனக்கு வளக்கப் புள்ள இரிக்கி. எனக்கு முடிக்க நாவல்தான் இரிக்கி, அதுக்குச் சம்பளம் தேவல்ல," என்று சிரித்தாய்.

உன்னை அனுப்பிவிட்டார்கள். பேனை பிடிக்க முடியாமல், கடைசி மூன்று அத்தியாயங்களையும் நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் எழுத்துப் பிழைகளைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரை விட நீதான் ஆபத்து என்றாய். அடுத்த நோன்பு வருவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

அந்தக் கொப்பிகளை இப்போது சிபானா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள், புத்தகமாக்கியே தீருவாளாம். நேற்றுப் பின்னேரம், நான் கொட்டாவி விட்ட அந்த அத்தியாயத்துக்கு வந்தாள். பெட்டரி பூட்டியவனுக்கு நீ பெயர் வைக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை, தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டவன் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

"மாமா தன்னயேதான் எழுதிரிக்காரு போல, என்ன வாப்பா," என்றாள். "அந்தப் பெட்டரிய மட்டும் பூட்டாம இருந்திருந்தா, அவருட விரலும் இருந்திரிக்கும், வேலையும் இருந்திரிக்கும்."

அவள் குரலில் கோபமில்லை. என்றைக்கோ உன்னை மன்னித்துவிட்ட குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அடுத்த வரியை வாசி மகள் என்றேன். அவள் வாசித்தாள். மாமா இல்லை மகள், அது உன் வாப்பா என்பதை அவளிடம் சொல்லாமல், இப்போது உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் மச்சான்.