மலையாளிக்கு ஒரு கடுக்காய்

அம்மாவுக்கு நதியா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

அப்பாவும் நானும் பழைய கொச்சியை நடந்தே சுற்றியதை அவர் சொல்லியிருப்பார். ஒன்றை மட்டும் மறைத்திருப்பார். மிளகுக் கிடங்குத் தெருவில் ஒரு கைடு, "எந்த ஊர்?" என்று கேட்டான். அப்பா, தமிழ் பேசும் நம் மலைச்சாதிக்குச் சான்றிதழில் இருக்கிற பெயரையே சொல்லி, "ஜவ்வாது மலைங்க, நாங்க மலையாளிங்க" என்றார். உடனே அவன் மலையாளத்தில் மளமளவென்று பேசினான். அப்பா விழித்தார். "மலையாளியாம், வாயில ஒரு வார்த்தை வரலை" என்று இருபது பயணிகள் முன்னால் சிரித்தான். அதன்பிறகு அப்பா ஊரைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தபடியே நடந்தார்.

அவன் தினமும் நான் வேலை செய்யும் மசாலாக் கடைக்கு ஆட்களோடு வந்து, ஓசியில் ஜாதிக்காய் மிட்டாய் தின்கிறவன். நம் மலைக் கடுக்காய் ஒரு படி அனுப்பு. வெல்லப்பாகில் ஊறவைத்து மிட்டாயோடு கலந்து நீட்டுவேன். துவர்ப்பில் நாக்கு இழுத்துக்கொண்டு அவன் நிற்கும்போது, கூட்டத்தின் முன்னால் கேட்பேன்: "இன்னா சேட்டா, மலையாளிக்கு வாயில ஒரு வார்த்தை வரலியா?"

பொட்டலத்தில் உன் பழைய புடவை ஒன்றும் வை, போர்த்திக்கொள்ள. கடை திறக்க நேரமாகிவிட்டது. கடுக்காய் எதற்கென்று அப்பா கேட்டால், நதியாவுக்கு வயிற்றெரிச்சல் என்று சொல். அது பொய்யில்லை.