முதுகில் ஊசியா, முழு மயக்கமா

தோ பாயோ
சிங்கப்பூர்
3 மார்ச் 2025

அன்புள்ள சுசீலா,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்பாய், ஆனாலும் கேட்கிறேன். நீ என் போனை எடுக்க மாட்டாய் என்பதால் இதை மகள் நிரஞ்சனாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இடுப்பு மூட்டு மாற்ற முழு மயக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாயாம். நிரஞ்சனா அழுதாள். உனக்கு ஆஸ்துமா. முழு மயக்கம் என்றால் தொண்டையில் குழாய் விடுவார்கள், மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும், நீயே மூச்சு விடுவாய். அறுக்கிற சத்தம் கேட்கும் என்று பயமாக இருந்தால், லேசாகத் தூங்கவும் மருந்து தருவார்களாம்.

நம் மகன், ஆறு வயசு ரமணனின் உடைந்த கைக்கு அந்த மயக்கம் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவன் நான். பிள்ளை எழுந்திருக்கவேயில்லை. முப்பத்தாறு வருஷமாக நீ பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். உன்னையும் அதற்குக் கொடுக்க என்னால் முடியாது. உன் காலில் விழுகிறேன்.

மருதப்பன்


பொங்கோல்
7 மார்ச் 2025

நிரஞ்சனாவின் அப்பாவுக்கு,

காலில் விழுகிறேன் என்றெல்லாம் எழுதாதீர்கள். விழுந்தால் உங்களை யார் தூக்கிவிடுவது?

மயக்க மருந்து டாக்டர் ஃபஸீலா நல்ல பெண். படம் வரைந்து இரண்டையும் விளக்கினாள். முதுகு ஊசியைக் காட்டி, "ஸ்பைனல்தான் உங்களுக்கு சேஃப் லா, ஆன்ட்டி" என்றாள். பிறகு, எந்த மயக்கமானாலும் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்றாள். "பால்கூட குடிக்காதீங்க. மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும்."

பால்கூடவா என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன்.

கை ஆபரேஷன் அன்று காலை ரமணன் பசிக்குது என்று அழுதான். நீங்கள் டாக்சி பிடிக்கக் கீழே போயிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்ன வெறும் வயிறு என்றால் என் வெள்ளிக்கிழமை விரதம் மாதிரிதான் என்று நினைத்தேன். விரதத்தில் பால் குடிப்போமே. ஒரு டம்ளர் கொடுத்தேன். அதனாலோ என்று மனசுக்குள் எப்போதும் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் உங்களை அப்படித் திட்டினேன், விட்டும் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பிள்ளை போன தூக்கமே எனக்கும் போதும். எழுந்திருக்காவிட்டால் நல்லது. என்னைக் கெஞ்சாதீர்கள்.

சுசீலா


தோ பாயோ
8 மார்ச் 2025

சுசீலா,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரலில் பால் இருந்தது, பிள்ளை பால் குடித்தானா என்று கேட்டார். வீட்டில் நீயும் நானும்தானே இருந்தோம். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்தால் நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று பயந்தேன். என்னைத் திட்டிக்கொண்டாவது இரு என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிடுவேன். முதுகிலேயே போட்டுக்கொள், சுசீலா. வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொரு தடவை தாங்காது.

மருதப்பன்